பழியெல்லாம் கார்புரேட்டருக்கு

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். ஒரே கார்புரேட்டரை ஒரே மாதத்தில் மூன்று முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். மூன்றாவது முறை, பெட்ரோல் வரும் சின்னத் துளைகள் கொண்ட ஜெட்டுகளைத் துணியில் வரிசையாகப் பரப்பிவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான், அவற்றில் அழுக்கு என்று சொல்ல ஒரு துகள்கூட இல்லை என்பது உறைத்தது. முதல் தடவையே சுத்தமாகத்தான் இருந்தன. பழைய காரில் எது சரியில்லை என்றாலும் கை முதலில் போவது அங்கேதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது கார்புரேட்டருக்காகவே சொன்னது போலிருக்கிறது.

வண்டி நாலு சிலிண்டர், ஒன்றரை லிட்டர், ஒற்றை கார்புரேட்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியைப் பிரித்துக் கொடுக்கும், பாயிண்ட் என்ற சுவிட்ச் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஸ்லோ ரன்னிங்கை, அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை, 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) வைத்தால் இருமிவிட்டு அணைந்துவிடும். அணையாமல் நிற்க வேண்டுமானால் காற்று வழியை மூடித் திறக்கும் த்ராட்டில் தட்டின் ஸ்க்ரூவைத் திருகித் திருகி 1100க்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்லோ ரன்னிங்கில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவை உள்ளே திருகினாலும் வெளியே திருகினாலும் இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லை. சாவியை அணைத்த பிறகும் தானாக நாலைந்து சுற்று 'தடக் தடக்' என்று ஓடி, ஒரு உதறல் உதறிவிட்டுத்தான் அடங்கும். நெரிசலில் நின்றால் சூடு ஏறும். மேட்டில் இழுவை இல்லை. பெட்ரோல் குடிப்பதில் மட்டும் குறை வைக்கவில்லை.

ஒவ்வொரு தொல்லைக்கும் தனித்தனியாக ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன். சூட்டுக்கு ரேடியேட்டர், பெட்ரோலுக்கு ஃப்ளோட், இழுவைக்கு கிளட்ச் என்று. பழைய வண்டிகளோடேயே தலை நரைத்த மெக்கானிக் ஒருவர் எனக்குப் பழக்கம். என் புலம்பலை முழுக்கக் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு வட்டமான மீட்டரையும் ஒரு முழம் ரப்பர் குழாயையும் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

“கார்புரேட்டர விடுங்க தம்பி. இத மானிஃபோல்டுல மாட்டி முள்ளப் பாருங்க. எத்தனையில நிக்குதுங்கிறது அப்புறம். எப்படி நிக்குதுன்னு பாருங்க.”

அது வேக்யூம் மீட்டர். உள்ளே பேட்டரிகூட இல்லாத எளிய கருவி. ஆனால் இன்ஜினைத் திறக்காமலே அதன் உள்ளே நடப்பதை இந்த அளவுக்குச் சொல்லும் வேறு கருவியை நான் பார்த்ததில்லை.

வேக்யூம் என்று சொல்கிறோமே தவிர, வெற்றிடம் எதுவும் அங்கே இல்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றுக்கு ஏங்குகிறது. வழியில் த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடிக்கிடக்கிறது. வருகிற காற்று போதாமல் தட்டுக்குக் கீழே, மானிஃபோல்டுக்குள், அதாவது சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் குழாய்க்குள், அழுத்தம் குறைந்துவிடுகிறது. வெளியில் இருக்கும் காற்று மண்டலத்தின் அழுத்தம் கடல் மட்டத்தில் 29.92 அங்குலப் பாதரசம். 1643இல் டாரிசெல்லி கண்ணாடிக் குழாயைப் பாதரசத்தில் கவிழ்த்து அளந்த அதே கணக்குதான் இன்றும் மீட்டரின் முகத்தில் இருக்கிறது. முள் 18 என்று காட்டினால், வெளியழுத்தத்தில் 18 அங்குலம் போய், உள்ளே மிச்சம் 12 அங்குலம்தான் இருக்கிறது என்று பொருள். அதாவது வெளிக்காற்றில் ஐந்தில் இரண்டு பங்கு. ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்கினால் தட்டு திறந்துவிடும், உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஓடுகிற வண்டியில் காலைச் சட்டென்று எடுத்தால் 22, 23 வரை ஏறும்.

பழைய கார்கள் சிலவற்றில் வைப்பரே இந்த வேக்யூமில்தான் ஓடும். மழையில் மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை அமுக்க அமுக்க வைப்பர் சோம்பிப்போய்ப் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும். காலை எடுத்தால் மறுபடி சுறுசுறுப்பாகும். பார்வை வேண்டுமா, வேகம் வேண்டுமா என்று வண்டியே கேட்கும்!

முள்ளுக்கு வருவோம். நல்ல இன்ஜினில், ஸ்லோ ரன்னிங்கில், முள் 17க்கும் 21க்கும் நடுவே எங்காவது அசையாமல் நிற்க வேண்டும். உயரமான இடமாக இருந்தால் ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் கழித்துக்கொள்ள வேண்டும். எண் இவ்வளவுதான், மீதியெல்லாம் முள்ளின் நடையில் இருக்கிறது. ஒரே சீரான இடைவெளியில் முள் ஒவ்வொரு முறையும் சில அங்குலம் விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு எரிந்துபோய் மூடாமல் இருக்கிறது. அதுவே எப்போதாவது, ஒழுங்கில்லாமல் துடித்தால் வால்வு ஒட்டிக்கொள்கிறது, இல்லையென்றால் பிளக் அவ்வப்போது மிஸ்ஸாகிறது. ஸ்லோ ரன்னிங்கில் விறுவிறுவென்று நடுங்கி, வேகம் ஏற்றினால் நடுக்கம் நின்றுவிட்டால் வால்வு ஏறி இறங்கும் கைடு தேய்ந்திருக்கும். வேகம் ஏற ஏற நடுக்கம் கூடினால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் முள் பெரிய வீச்சாக வீசும். 2500 ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்தியிருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் அடைத்திருக்கிறது. ஆக்சிலரேட்டரைப் படக்கென்று அமுக்கி விட்டால் முள் அடியில் விழுந்து, 24, 25 வரை எகிறி, பிறகு தன் இடத்துக்கு வர வேண்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் அந்த எகிறலுக்குத் தெம்பிருக்காது.

என் வண்டியில் முள் 14இல் நின்றது. ஆடவில்லை. ஒட்டிவைத்த மாதிரி நின்றது.

அந்த ஆடாமைதான் துப்பு. ஒரு சிலிண்டருக்கு மட்டும் நோய் என்றால் நாலு துடிப்பில் ஒரு துடிப்பு மாறும், முள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நாலு சிலிண்டரும் ஒரே அளவில் கஷ்டப்பட்டால் முள் அமைதியாகத் தாழ்ந்து நிற்கும். நாலுக்கும் பொதுவாக இருக்கிற விஷயங்கள் கொஞ்சம்தான். இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்), வால்வு டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்), நாலுக்கும் பொதுவான இடத்தில் காற்றுக் கசிவு. 14 முதல் 17க்குள் அசையாமல் நிற்கிற முள்ளுக்கு முதல் சந்தேகம் இக்னிஷன் லேட் என்பதே.

டைமிங் ஏன் வேக்யூமைக் கெடுக்க வேண்டும்? இரண்டும் வேறு வேறு கட்சி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டைமிங் கரண்ட் சமாசாரம், வேக்யூம் காற்று சமாசாரம்.

பிளக்கில் பொறி தெறித்தவுடன் கலவை வெடித்துவிடுவதில்லை. ஒரு மூலையில் பற்றி, தீ நடந்து போய், முழுக்க எரிய இரண்டு மூன்று மில்லி விநாடி பிடிக்கும். பிஸ்டன் மேல் முனையைத் தாண்டிச் சுமார் 15 டிகிரி இறங்கியிருக்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால், தள்ளுகிற தள்ளு வீணாகாமல் கிராங்கில், அதாவது இன்ஜினின் சுழலும் தண்டில், இறங்கும். ஆகவே பொறியை முன்கூட்டியே விட வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதில்தான் சிக்கல். 1000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லி விநாடிக்கு 6 டிகிரி சுற்றுகிறது. 3000இல் 18 டிகிரி. தீ எரிய எடுக்கும் நேரம் அதே விகிதத்தில் குறைந்துவிடாது. எனவே வேகம் ஏற ஏறப் பொறி இன்னும் முன்னால் வந்தாக வேண்டும்.

ஃபோர்டு மாடல் டி காரில் இந்த வேலை ஓட்டுநருடையது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இடது பக்கம் ஒரு நெம்புகோல், அதுதான் பொறியை முன்னால் கொண்டுவரும் ஸ்பார்க் அட்வான்ஸ். வலது பக்கத்து நெம்புகோல் த்ராட்டில். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யுமுன் ஸ்பார்க்கைப் பின்னால் தள்ள மறந்தால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். பின்னால் வந்த டிஸ்ட்ரிபியூட்டர்களில் அந்த நெம்புகோலின் வேலையை இரண்டு சின்ன எடைகளும் இரண்டு ஸ்பிரிங்கும் எடுத்துக்கொண்டன. வேகம் கூடினால் எடைகள் விலகி, பாயிண்டைத் திறக்கும் கேமை முன்னால் திருப்பும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் கலவையின் சுழற்சியும் கூடி, தீயும் வேகமாக நடக்கத் தொடங்கிவிடுவதால், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அட்வான்ஸைக் கூட்டத் தேவையில்லை.

எடைகளுக்கு வேகம் மட்டும்தான் தெரியும், பாரம் தெரியாது. சமதளத்தில் லேசாக மிதித்துப் போகும்போதும், அதே வேகத்தில் மூச்சுத் திணற மேடு ஏறும்போதும் அவை ஒன்றுபோலவே நிற்கும். சிலிண்டருக்குள் நிலைமை ஒன்றல்ல. லேசாக மிதிக்கும்போது உள்ளே வரும் கலவை மெலிந்தது, கொஞ்சமானது. போகாமல் தங்கிவிட்ட எரிந்த புகையின் பங்கும் அதில் அதிகம். ஈர விறகு மாதிரி மெதுவாகத்தான் பற்றும். அதற்கு இன்னும் முன்னாலேயே தீ வைக்க வேண்டும். முழுக்க மிதிக்கும்போது கலவை நெருக்கமாக வந்து சட்டென்று எரியும். அப்போது அந்தக் கூடுதல் அட்வான்ஸ் கூடாது.

இந்த நிலைமையை அளக்க வேக்யூமைவிட நல்ல அளவுகோல் கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டரின் விலாவில் தட்டையான தகரச் சிமிழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமே, அதற்குள் ஒரு ரப்பர் டயாஃப்ரம். கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாய் அதை இழுக்க, அது பாயிண்ட் தட்டை இழுக்க, அட்வான்ஸ் கூடுகிறது. மிதித்தால் வேக்யூம் விழுகிறது, ஸ்பிரிங் தட்டைத் திருப்பிக்கொள்கிறது. அவ்வளவுதான். எடையே வைக்காமல் முழுக்க வேக்யூமை மட்டும் நம்பிய டிஸ்ட்ரிபியூட்டர்களும் இருந்தன. ஃபோர்டு 1949இல் கொண்டுவந்த லோட்-ஓ-மேட்டிக் அப்படிப்பட்டது. அதற்கென்றே துளை வைத்த கார்புரேட்டர் வேண்டும். வேறு கார்புரேட்டர் மாட்டிவிட்டு, வண்டி இழுக்கவில்லை என்று இன்றைக்கும் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் உண்டு.

இனி என் வண்டியின் நோய்ச் சங்கிலி. பொறி லேட். லேட்டாகப் பிடித்த தீ, பிஸ்டன் இறங்கிப் போன பிறகு பின்னால் துரத்திக்கொண்டு ஓடுகிறது. தள்ளு குறைகிறது. தள்ளு குறைந்த இன்ஜின் 800இல் நிற்காது. நிறுத்த வேண்டுமானால் தட்டைக் கூடத் திறக்க வேண்டும். திறந்தால் மானிஃபோல்டில் வேக்யூம் குறைகிறது, முள் 14க்கு வந்துவிட்டது. தட்டு அந்த அளவுக்குத் திறந்துகொண்டால், ஸ்லோ ரன்னிங்கிலிருந்து ஓட்டத்துக்கு மாறும்போது மட்டும் பெட்ரோல் கொடுக்க வேண்டிய பக்கத் துளைகள் தட்டின் விளிம்புக்குக் கீழே வந்து, நின்ற இடத்திலேயே பெட்ரோல் கொடுக்கத் தொடங்கிவிடும். அந்தப் பெட்ரோல் மிக்ஸர் ஸ்க்ரூவின் அதிகாரத்துக்குள் வராது. நான் ஸ்க்ரூவை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இன்ஜின் கண்டுகொள்ளாததன் ரகசியம் இதுதான். லேட்டாக எரிகிற தீயின் சூடு வேலையாக மாறாமல் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகவும் ஹெட் வழியாகவும் தண்ணீருக்குப் போகிறது, நெரிசலில் சூடு ஏறுகிறது. சாவியை அணைத்தால் பொறி நிற்கிறது. ஆனால் தட்டு திறந்து கிடப்பதால் கலவை உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே பழுத்துக் கிடக்கும் ஏதோ ஒரு கரித்துண்டு அதைப் பற்றவைக்கிறது. தடக், தடக்.

கார்புரேட்டரில் தெரிந்த அத்தனை நோயும் டிஸ்ட்ரிபியூட்டரில் பிறந்தவை. கார்புரேட்டரைத் தொடுமுன் டைமிங்கைப் பார், டைமிங்கைத் தொடுமுன் பாயிண்டைப் பார் என்று பழைய ஆட்கள் வரிசை சொல்வது ஏதோ சம்பிரதாயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பாயிண்டைப் பார்த்தேன். இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது. 0.2 மில்லிமீட்டர் தகடே சிரமப்பட்டுத்தான் உள்ளே போனது. கேமின் மேல் உரசிக்கொண்டே இருக்கும் ஃபைபர் கட்டை தேய்ந்துபோயிருந்தது. கேமுக்கு ஒரு பொட்டு கிரீஸ் வைக்காத சோம்பலின் விலை. பாயிண்ட் திறக்கும் கணத்தில்தான் பொறி பிறக்கிறது. இடைவெளி குறைந்தால் திறப்பது லேட், பொறியும் லேட். இதில் ஒரு கணக்கு உண்டு. பாயிண்ட் மூடியிருக்கும் கோணம், அதாவது டுவெல், ஒரு டிகிரி கூடினால் டைமிங் ஒரு டிகிரி பின்னால் போகும். பொறி விழும் கணத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் போட்டுப் பார்த்தபோது 8 டிகிரியில் இருக்க வேண்டிய குறி மேல் முனையிலேயே நின்றது.

புதுப் பாயிண்ட் போட்டு, இடைவெளி வைத்து, வேக்யூம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, எடைகள் விலகாத அளவுக்கு வேகத்தைத் தாழ்த்தி 8 டிகிரி வைத்தேன். இந்தக் குழாய் அடைக்கிற விஷயத்தை எல்லோரும் சொல்வார்கள், பாதிப் பேர் செய்ய மாட்டார்கள். குழாயோடு வைத்த டைமிங், யாரையோ தோளில் ஏற்றிக்கொண்டு எடை பார்த்த மாதிரி. முள் 16க்கு ஏறியது.

16இலிருந்து மேலே வர மறுத்தது. அடுத்த சந்தேகம் காற்றுக் கசிவு. ஸ்லோ ரன்னிங்கில் ஓடவிட்டு, கார்புரேட்டர் கிளீனரை அடிப்பாகத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே வந்தேன். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் இந்த வேலை செய்வது புத்திசாலித்தனம் இல்லை. பக்கத்தில் தீயணைப்பான் இருந்தது என்பது ஒன்றுதான் ஆறுதல். பின்பக்க மூலையில் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறியது. கழற்றிப் பார்த்தால், கார்புரேட்டரின் அடித்தட்டு வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. வளைத்தது நான்தான். மூன்று முறை கழற்றி மாட்டும்போதெல்லாம் போல்ட்டை வெறியோடு இறுக்கியிருக்கிறேன். இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்து ஒரு நிஜ நோயைக் கொடுத்திருக்கிறேன். கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாள் வைத்துத் தேய்த்துச் சமமாக்கி, புது கேஸ்கெட் போட்டேன். கசிவு நின்றதும் 17.5. கசிவு வழியே வந்த காற்று கலவையை மெலியவைத்து, மெலிந்த கலவை மெதுவாக எரிந்து, சரியான டைமிங்கையும் லேட்டான டைமிங் போல நடந்துகொள்ள வைத்திருக்கிறது.

அத்தோடு விட்டிருக்கலாம். பேராசை விடவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, முள் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே வை, பிறகு ஓர் அங்குலம் இறக்கு. டைமிங் லைட் இல்லாத காலத்து வித்தை இது. நான் இறக்கவும் இல்லை. திருப்பத் திருப்ப முள் ஏறிக்கொண்டே போனது. 18, 19, 20. இன்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. 21இல் போல்ட்டை இறுக்கிவிட்டு, உலகத்தையே ஜெயித்த மாதிரி வண்டியை எடுத்தேன்.

முதல் மேட்டில் அந்தச் சத்தம். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அது. காலை எடுத்தால் நின்றது, மிதித்தால் வந்தது. சூடாக அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தபோது ஸ்டார்ட்டர் மோட்டாரை யாரோ எதிர்ப்பக்கம் பிடித்து இழுப்பது போல இன்ஜின் உதைத்துக்கொண்டு நின்றது. மாடல் டி காரர்களின் மணிக்கட்டு ஞாபகம் வந்தது.

டைமிங் லைட்டில் பார்த்தால் 22 டிகிரி. முள் பொய் சொல்லவில்லை. ஸ்லோ ரன்னிங்கில் மெலிந்த கலவையை வைத்துக்கொண்டு எவ்வளவு அட்வான்ஸ் வேண்டும் என்று கேட்டேன், 22 என்றது. உண்மைதான், அந்த நிலையில் இன்ஜினுக்கு அவ்வளவும் பிடிக்கும். ஆனால் என் டிஸ்ட்ரிபியூட்டரின் எடைகள் அதன்மேல் இன்னொரு 24 டிகிரி கூட்டும். முழு மிதியில் 46. அந்த இன்ஜின் முழு பாரத்தில் தாங்குவது 32 சுமார். தீ நடந்து வந்து சேருமுன்பே எதிர் மூலையில் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிக்கிறது. அந்த வெடிப்புதான் கூழாங்கல். கேட்டுக்கொண்டே ஓட்டினால் ரிங் பிடித்திருக்கும் பிஸ்டனின் விளிம்பு உடையும், மோசமானால் பிஸ்டனில் ஓட்டையே விழும். நெடுஞ்சாலை வேகத்தில் காற்றுச் சத்தத்தில் அது காதில் விழாமலே நடக்கும் என்பது இன்னும் கலக்கம்.

நின்ற இடத்தில் எடுத்த வாக்குமூலத்தை வைத்து ஓட்டத்துக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். 8 டிகிரிக்கே திரும்பினேன்.

சரி, ஸ்லோ ரன்னிங்கில் இன்ஜின் 22 கேட்கிறது, அடிப்படை டைமிங் 8தான் வைக்க முடியும். நடுவில் இருக்கும் 14ஐ யார் கொடுப்பது? பழைய கார்க்காரர்கள் பரம்பரைச் சண்டை போடும் இடம் இதுதான். வேக்யூம் சிமிழுக்குக் குழாயை எங்கிருந்து எடுப்பது? த்ராட்டில் தட்டுக்கு மேலே இருக்கும் துளையிலிருந்து எடுத்தால் தட்டு மூடியிருக்கும்போது வேக்யூம் வராது, லேசாகத் திறந்த பிறகுதான் வரும். மானிஃபோல்டிலிருந்து நேரே எடுத்தால் ஸ்லோ ரன்னிங்கிலேயே முழுசாக வரும். ஓட்டத்தில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் நிற்கும்போது மட்டுமே.

மேல் துளை என்பதே புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பிறந்த மோசடி என்று ஒரு கட்சி அடித்துச் சொல்லும். பாதி உண்மை. அமெரிக்காவில் 1968 மாடல்களிலிருந்து நாடு முழுக்கப் புகை விதி வந்தபோது, ஸ்லோ ரன்னிங்கில் டைமிங்கை வேண்டுமென்றே லேட்டாக வைத்து, எக்ஸாஸ்டைச் சூடாக்கி, எரியாத பெட்ரோலை அங்கேயே எரியவைத்தார்கள். அதனால் இன்ஜின் சூடாகிறது என்று தெரிந்தே, தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் சிமிழை மானிஃபோல்டு வேக்யூமுக்கு மாற்றிவிடும் ஒரு சுவிட்சையும் சில கார்களில் வைத்தார்கள். அந்த சுவிட்சே ஒரு ஒப்புதல் வாக்குமூலம் என்பேன். ஆனால் புகை விதி பற்றி யாரும் பேசாத காலத்திலேயே பிரிட்டிஷ் கார்கள் பல, எஸ்யூ கார்புரேட்டரின் தட்டோரத் துளையிலிருந்துதான் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்குக் குழாய் கொடுத்தன. ஆக, மோசடி என்று முத்திரை குத்த முடியாது.

என் வண்டியில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று சிமிழைச் சோதித்தேன். சோதனை பெரிய வித்தை இல்லை. குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைக்க வேண்டும். பாயிண்ட் தட்டு நகர்ந்து, நாக்கை எடுக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். என் தட்டு அசையவே இல்லை. வாயில் பெட்ரோல் வாடையும் பழைய ரப்பரின் கசப்பும்தான் மிச்சம். டயாஃப்ரம் கிழிந்திருந்தது. எத்தனை காலமாகவோ இந்தக் கார் வேக்யூம் அட்வான்ஸே இல்லாமல் ஓடியிருக்கிறது. லேசான மிதியில் கிடைக்க வேண்டிய மைலேஜ் முழுக்க அந்தக் கிழிசல் வழியே போயிருக்கிறது.

லூகாஸ் சிமிழ்களில் மூன்று எண் பொறித்திருக்கும். நான் மாற்றிய சிமிழில் 5-13-8. ஐந்து அங்குலத்தில் இழுக்கத் தொடங்கும், 13இல் முழுசாக இழுத்து முடிக்கும், அப்போது டிஸ்ட்ரிபியூட்டர் 8 டிகிரி நகர்ந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்கில் அது 16 டிகிரி. இந்த இரட்டிப்பை மறந்துவிட்டு நான் ஒரு மாலை முழுக்கத் தப்புக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எண்களில் முக்கியமானது நடுவில் இருப்பது. மானிஃபோல்டில் மாட்டுவதானால், ஸ்லோ ரன்னிங் வேக்யூம் அந்த எண்ணைவிட இரண்டு அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிமிழ் பாதி இழுப்பில் தள்ளாடும், அது தள்ளாட டைமிங் தள்ளாடும், டைமிங் தள்ளாட வேக்யூம் தள்ளாடும். வேகம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூச்சு வாங்குவது போல ஓடும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை ரேஸுக்கென்று மாற்றிப் போட்டவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

என்னுடையது 17.5, சிமிழ் 13இலேயே முடித்துவிடும். மானிஃபோல்டில் மாட்டினேன். மாட்டிய கணமே வேகம் தானாக ஏறியது. த்ராட்டில் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன், தளர்த்திக்கொண்டே போனேன். தட்டு மூட மூட முள் ஏறி 19க்கு வந்தது. வேகம் 800இல் நின்றது. அணையவில்லை. பிறகு மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருகினேன். இன்ஜின் குரல் மாறியது. மறுபக்கம் திருகினேன், மறுபடி மாறியது. செத்துவிட்டது என்று நான் கைகழுவிய ஸ்க்ரூ. சாவியை அணைத்தேன். ஒரு சுற்றுகூட மிகையாக ஓடாமல் நின்றது.

மேல் துளையிலும் மாட்டிப் பார்த்தேன். மோசமில்லை, ஓடத்தான் செய்தது. ஆனால் சூட்டு முள் நெரிசலில் ஒரு கோடு மேலே நின்றது, தட்டையும் கொஞ்சம் திறக்க வேண்டியிருந்தது. ஆகவே மானிஃபோல்டு. இது என் வண்டிக்கு நான் சொல்வது. உங்கள் வண்டியில் முதலில் புத்தகம் சொல்லும் இடத்தில் மாட்டி, எல்லாவற்றையும் சரிசெய்து, பிறகு மாற்றிப் பாருங்கள். குழாயை மாற்ற அரை நிமிடம்தான். அரை நிமிடத்தில் தீர்கிற சண்டையைப் பல வருடங்களாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கு இப்போது இப்படி. நின்றால் 8ம் 16ம் சேர்ந்து 24. முழு மிதியில் மேடு ஏறினால் சிமிழ் விலகிக்கொள்ளும், 8ம் எடைகளின் 24ம் சேர்ந்து 32, கூழாங்கல் இல்லை. சமதளத்தில் லேசான மிதியில் மூன்றும் சேர்ந்து 48. முழு மிதியில் 46 பிஸ்டனை உடைக்கும், லேசான மிதியில் 48 பெட்ரோலை மிச்சப்படுத்தும்.

இரவல் மீட்டரைக் கொஞ்ச நாள் டாஷ்போர்டிலேயே கட்டிவைத்து ஓட்டினேன். அதைப் பார்த்து ஓட்டினால் கால் தானாக மென்மையாகிவிடுகிறது. எகானமி மீட்டர் என்று பச்சை, சிவப்பு வண்ணம் அடித்துச் சில பழைய கார்களில் வைத்திருந்ததும் இதே மீட்டர்தான். பிறகு ஒரு நாள் கழற்றி, துடைத்து, அவரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

“எத்தனையில நிக்குது?” என்றார்.

“பத்தொம்போதுண்ணே.”

“நிக்குதா, ஆடுதா?”

எனக்கு அதைச் சொல்ல மனமே இல்லை. ஸ்லோ ரன்னிங்கில், பத்து விநாடிக்கு ஒரு தரம், கண் இமைப்பது போல ஓர் அங்குலம் இறங்கி ஏறும். வால்வு இடைவெளியெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன், பிளக் மாற்றிப் பார்த்துவிட்டேன், போகவில்லை. 19 வந்துவிட்டதே, போதாதா என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

“லேசா ஆடுதுண்ணே. எப்பவாவது.”

அவர் மீட்டரை வாங்கவில்லை. அதைச் சுற்றியிருந்த துணியோடு சேர்த்து என் பக்கமே தள்ளிவைத்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.